லேசருக்குப் பிறகு எந்தச் சொட்டை நிறுத்துவது, எதைத் தொடர்வது?

கேள்வி

எனக்கு வயது 27. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பாதி நாள் கம்ப்யூட்டர் முன்னால், பாதி நாள் தையல் செக்‌ஷனில். இரண்டு கண்ணிலும் மைனஸ் 4.5 பவர் இருந்தது. கண்ணாடி போடாமல் இருக்க லேசர் அறுவைக்குப் போனேன். கருவிழி மெலிசு, 490 மைக்ரான்தான் (அரை மில்லிமீட்டருக்கும் குறைவு) இருக்கிறது, லாசிக் வேண்டாம், பி.ஆர்.கே. என்ற இன்னொரு வகை லேசர் செய்யலாம் என்று சொல்லிச் செய்தார்கள். இன்றோடு 24 நாள். இடது கண் பரவாயில்லை. வலது கண்ணில் எழுத்து இன்னும் கலங்கித் தெரிகிறது. என் தோழி லாசிக் செய்து மறுநாளே கண்ணாடி இல்லாமல் பஸ் போர்டு படித்தாள்.

காயம் ஆறும் வரை கண்ணில் வைத்திருந்த பேண்டேஜ் லென்ஸை 5-ஆம் நாள் எடுத்ததும் ஃபுளோரோமெத்தலோன் சொட்டு கொடுத்தார்கள். முதல் மாதம் தினம் 4 முறை, அடுத்த மாதம் 3, பிறகு 2, பிறகு 1 என்று நான்கு மாதத்துக்குச் சீட்டு. அது ஸ்டீராய்டு என்று தெரிந்ததும் மாமா பயந்துவிட்டார். அவர் மகனுக்குச் சிறு வயதில் கண் அரிப்புக்கு ஸ்டீராய்டு சொட்டு போட்டுப் போட்டே கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு பாதித்தது. அதனால் 19-ஆம் நாளோடு நிறுத்திவிட்டேன். ஆன்டிபயாட்டிக் சொட்டை மட்டும் பாதுகாப்புக்காகத் தொடர்கிறேன். ஸ்டீராய்டு பாட்டிலில் பாதி மிச்சம் இருக்கிறது, அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. கெட்டுவிட்டதா? எண்ணெய் தேய்த்துக் குளித்தால் சூடு தணியும் என்கிறார் அம்மா; நந்தியாவட்டைப் பூவும் பறித்து வைத்திருக்கிறார். நான் என்ன செய்வது?

— வாசகி, திருப்பூர்

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே, அறுவை செய்த மருத்துவமனைக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். “ஃபுளோரோமெத்தலோனை 5 நாளாகப் போடவில்லை, வலது கண் கலங்கலாக இருக்கிறது, மாமா மகனுக்கு ஸ்டீராய்டால் கண் அழுத்தம் ஏறியிருக்கிறது” என்று மூன்றையும் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று எதையும் மறைக்க வேண்டாம். ஒன்றிரண்டு நாளுக்குள் ஸ்லிட் லேம்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவி) கருவிழியைப் பார்த்து, இரண்டு கண்ணிலும் அழுத்தம் அளந்து, சொட்டை எந்தப் படியிலிருந்து மறுபடி தொடங்குவது என்று அவர்கள் சொல்ல வேண்டும். விட்ட நாளுக்கும் சேர்த்து இரட்டிப்பாகப் போட்டு நீங்களே ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

தொடர வேண்டிய மருந்தை நிறுத்திவிட்டு, நிறுத்த வேண்டிய மருந்தைத் தொடர்ந்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள் மேல் குறை சொல்வதற்கில்லை. மூன்று நான்கு பாட்டில்களைக் கையில் கொடுத்து, எது எதற்கு, எது எப்போது முடியும் என்பதைப் பொறுமையாக விளக்காமல் அனுப்பினால் யாருக்கும் இப்படித்தான் ஆகும்.

முதலில், தோழிக்கு மறுநாளே தெரிந்தது உங்களுக்கு ஏன் தெரியவில்லை என்பதைப் பார்ப்போம். லாசிக்கில் கருவிழியின் மேற்பகுதியை ஒரு மெல்லிய மூடி போல வெட்டித் தூக்கி, அடியில் லேசரைச் செலுத்தி, மூடியைத் திரும்ப வைத்துவிடுவார்கள். மேல்தோல் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அதனால் வலி குறைவு, பார்வையும் சீக்கிரம் வந்துவிடும். பி.ஆர்.கே.யில் மூடி கிடையாது. ஏறக்குறைய 50 மைக்ரான் தடிமனுள்ள மேல்தோலை எடுத்துவிட்டு நேரடியாக மேற்பரப்பிலேயே லேசர் செய்கிறார்கள். ஒரு டயாப்டர் பவருக்குச் சுமார் 12 முதல் 15 மைக்ரான் திசு போகும், உங்கள் 4.5-க்கு 55 முதல் 70 மைக்ரான் வரை போயிருக்கும். 490 மைக்ரானில் மூடியும் வெட்டி, இவ்வளவும் எடுத்தால் அடியில் மிஞ்சுவது பலவீனமாகிவிடும். உங்களுக்கு பி.ஆர்.கே.யைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு.

அந்தத் தோல் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வளர்ந்து வந்து, 3 முதல் 5 நாளில் சந்தித்து மூடிக்கொள்ளும். சந்திக்கிற இடம் கண்ணின் நேர் நடுவில், பார்வை போகிற பாதையிலேயே ஒரு வரப்பு மாதிரி நிற்கும். லென்ஸை எடுத்த அன்று பலருக்கு முந்தின நாளைவிடப் பார்வை மங்குவது இதனால்தான். வரப்பு கரைந்து மேற்பரப்பு வழவழப்பாக வாரங்கள் ஆகும். முழுத் தெளிவுக்கு ஒன்றிலிருந்து மூன்று மாதம் எடுப்பது சாதாரணம். இரண்டு கண்ணும் ஒரே வேகத்தில் ஆறுவதும் இல்லை. 24-ஆம் நாளில் ஒரு கண் பின்தங்குவதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்.

‘லேசர் சுட்டுவிட்டதோ’ என்ற பயம் பலருக்கு உண்டு. இந்த எக்ஸைமர் லேசர் 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி. திசுவைச் சூடாக்கிக் கருக்காமல் மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுத்து, மைக்ரானுக்கும் குறைவான படலங்களாகச் சீவி எடுக்கிறது. உயிருள்ள திசுவில் இது இப்படி வேலை செய்யும் என்று 1981-இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வகத்தில் கண்டவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். கூட இருந்தவர்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம். முதல் சில நாள் உங்களுக்கு இருந்த எரிச்சலும் கண்ணீரும் தோல் இல்லாத இடத்தில் நரம்பு நுனிகள் திறந்து கிடந்ததால் வந்தவை. சுட்ட புண் எதுவும் உள்ளே இல்லை. தணிக்க வேண்டிய ‘சூடு’ என்று ஒன்று அங்கே இல்லை என்பதை அம்மாவிடமும் சொல்லலாம்.

இப்போது அந்த வெள்ளைப் படிவு. கெட்டுப்போகவில்லை, அதுதான் மருந்து. ஃபுளோரோமெத்தலோன் நீரில் கரையாது. நுண்ணிய தூளாக நீரில் மிதக்க விட்டிருக்கிறார்கள். பாட்டில் நிமிர்ந்து நின்றால் தூள் அடியில் இறங்கிவிடும். குலுக்காமல் போட்டால் முதலில் விழுவதில் மருந்து குறைவு, கடைசியில் விழுவது கெட்டியாக இருக்கும். மூடியைத் திறப்பதற்கு முன், ஒவ்வொரு முறையும், 15 - 20 தடவை நன்றாகக் குலுக்குங்கள். உள்ளே இருப்பது சீரான பால் நிறத்துக்கு வர வேண்டும். பிரெட்னிசலோன் அசிடேட் சொட்டும் இதே வகை. தெளிந்த நீராக இருக்கும் ஆன்டிபயாட்டிக்குக்கு இந்தத் தேவை இல்லை.

பாட்டிலில் பாதி மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலும் ஒரு செய்தி இருக்கிறது. பொதுவாக 1 மில்லிக்கு 20 முதல் 25 துளி விழும். 5 மில்லி பாட்டிலில் 100 முதல் 125 துளி. தினம் 4 முறை, இரண்டு கண்ணுக்கு என்றால் நாளைக்கு 8 துளி. 5-ஆம் நாளிலிருந்து 19-ஆம் நாள் வரை 14 நாள் என்று வைத்தாலும் 112 துளி போயிருக்க வேண்டும். பாட்டில் கிட்டத்தட்டக் காலியாகியிருக்க வேண்டிய நேரத்தில் பாதி நிற்கிறது. சில பாட்டிலில் துளி சிறியதாக விழும், கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஆனாலும் கணக்கு இடிக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு மதிய வேளையும் நாலு மணி வேளையும்தான் தவறும். நிறுத்துவதற்கு முன்பிருந்தே உங்கள் கண்ணுக்குச் சேர்ந்த ஸ்டீராய்டு பாதியளவுதான், அதுவும் குலுக்காமல் போட்டது. போன் செய்யும்போது இதையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ‘இவ்வளவு போட்டும் ஆறவில்லை’ என்று மருத்துவர் தப்பாக எண்ணி மருந்தைக் கூட்ட நேரும்.

இந்த ஸ்டீராய்டு எதற்கு? காயம் ஆறும்போது கருவிழிக்குள் இருக்கும் செல்கள் விழித்துக்கொண்டு, ஒழுங்கில்லாத நார்த்திசுவைப் போட ஆரம்பிக்கும். தெளிந்த கண்ணாடியில் பனி படிந்த மாதிரி ஒரு மங்கல் அது. கண் மருத்துவர்கள் நாங்கள் அதை ஹேஸ் என்போம். வலி இருக்காது, கண் சிவக்காது. பொதுவாக ஒரு மாதத்துக்குப் பிறகு தெரிய ஆரம்பித்து, மூன்றாம் மாதத்தை ஒட்டி உச்சத்துக்கு வந்து, பிறகு மெல்லக் குறையும். சிலருக்கு அதோடு கொஞ்சம் பவரும் திரும்பி வரும். பவர் அதிகமாக இருந்தவர்களுக்கு, அதிலும் மைனஸ் 6-க்கு மேல், வாய்ப்பு கூடுதல். அறுவை நேரத்திலேயே 0.02 சதவீத மைட்டோமைசின்-சி மருந்தைச் சில விநாடிகள் வைத்துக் கழுவுவதும் இதைத் தடுக்கத்தான். உங்களுக்கு அது வைத்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் செல்களை மாதக்கணக்கில் அமைதியாக வைத்திருப்பதுதான் 4-3-2-1 சீட்டின் வேலை. திடீரென நிறுத்தினால் அடக்கி வைத்தது மீண்டும் கிளம்பும். படிப்படியாகக் குறைப்பது அதற்காகத்தான். உங்கள் 24-ஆம் நாள், ஹேஸ் கிளம்பக்கூடிய காலத்தின் வாசலில் இருக்கிறது. இந்த நேரத்தில் மருந்து இல்லாமல் விடக் கூடாது.

மாமா சொன்னது பொய்யில்லை. ஸ்டீராய்டு சொட்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும். பெரும்பாலும் தொடங்கி 2 முதல் 6 வாரத்தில் தெரியவரும். வலிக்காது, பார்வை மங்காது, அளந்தால்தான் தெரியும். கவனிக்காமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விட்டால் பார்வை நரம்பு தேய்ந்து கிளாகோமா வரும். தேய்ந்த நரம்பு திரும்பாது. உங்கள் மாமா மகனுக்கு நடந்தது இதுதான். அரிப்பு வரும்போதெல்லாம் மருந்துக் கடையில் வாங்கிப் போட்டு, யாரும் அழுத்தம் பார்க்காமல் போன பிள்ளைகளில் ஒருவர். இந்தப் போக்கு குடும்பத்தில் ஓடக்கூடியது என்பதால் மாமாவின் எச்சரிக்கை உங்கள் மருத்துவருக்கு முக்கியமான தகவல். அதற்குச் செய்ய வேண்டியது அழுத்தத்தை அடிக்கடி அளப்பது. ஏறினால் அளவைக் குறைப்பார்கள், மருந்தை மாற்றுவார்கள், தேவையானால் அழுத்தம் குறைக்கும் சொட்டைச் சேர்ப்பார்கள். சீட்டை முடித்த சில வாரங்களில் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஃபுளோரோமெத்தலோன் கண்ணின் உள்ளறைக்குள் குறைவாகவே ஊடுருவுவதால் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோனைவிட அழுத்தத்தைக் குறைவாக ஏற்றும். நீண்ட நாள் போட வேண்டிய பி.ஆர்.கே.க்கு இதைக் கொடுக்கும் காரணம் அதுதான். குறைவாக என்றால் ஏற்றவே ஏற்றாது என்று பொருளில்லை. ஸ்டீராய்டு போடுகிற வரை மாதம் ஒரு முறையாவது அழுத்தம் பார்க்க வேண்டும். உங்கள் குடும்பக் கதைக்கு நான் முதல் இரண்டு மாதமும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கேட்பேன்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. லேசருக்குப் பிறகு கருவிழி மெலிந்திருப்பதால் கருவி காட்டும் எண் உண்மையைவிடக் குறைவாக வரும். சாதாரண அளவு 10 முதல் 21 என்று அச்சடித்த தாளைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அறுவைக்கு முன் 14 இருந்து இன்று 20 காட்டினால், தாளின்படி அது ‘நார்மல்’, உங்கள் கண்ணுக்கு அது ஏற்றம். ஒப்பிட வேண்டியது உங்கள் பழைய எண்ணோடுதான்.

கடையில் வாங்கும்போது கம்பெனிப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். பெயர் ஏறக்குறைய ஒன்றாக, கடைசியில் ஓர் எழுத்து மட்டும் கூடியிருந்தால், அது பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டு சேர்த்த கூட்டு மருந்தாக இருக்கும். ‘ஸ்டாக் இல்லை, இதுவும் அதேதான்’ என்று ஃபுளோரோமெத்தலோனுக்குப் பதில் டெக்ஸாமெத்தசோன் தந்தால் வாங்காதீர்கள். உங்கள் ஸ்டீராய்டை வீட்டில் யாருக்காவது மெட்ராஸ் ஐ வந்தால் எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். ஹெர்பிஸ் வைரஸால் சிவந்த கண்ணில் ஸ்டீராய்டு விழுந்தால் கருவிழியே புண்ணாகும். மெட்ராஸ் ஐ வந்தவரின் துண்டு, தலையணை உறையிலிருந்து நீங்களும் விலகி இருங்கள்.

தோழிக்கு ஸ்டீராய்டு ஒன்றிரண்டு வாரத்தோடு முடிந்திருக்கும். மூடிக்குக் கீழே ஹேஸ் மிக அரிது என்பதால் லாசிக்குக்கு அது போதும். அங்கே வருகிற சிக்கல் வேறு. முதல் வாரத்துக்குள் மூடிக்கு அடியில் அழற்சி செல்கள் மணல் தூவிய மாதிரி படியலாம். அதற்கு ஸ்டீராய்டை மணிக்கு ஒரு முறை என்று கூட்ட வேண்டும். அதே மாதிரி ஒரு மங்கல் இரண்டாவது வாரத்திலோ அதற்குப் பிறகோ வந்தால், ஸ்டீராய்டால் ஏறிய அழுத்தம் மூடிக்கு அடியில் நீரைத் தேக்கியிருக்கலாம். அந்த நீரின் மேல் வைத்து அளந்தால் அழுத்தம் பொய்யாகக் குறைந்து காட்டும். அப்போது ஸ்டீராய்டைக் கூட்டுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது. குறைத்து நிறுத்த வேண்டும். பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டுக்கும் மருத்துவம் நேர் எதிர். ஆகவே லாசிக் செய்தவர்கள் ‘மங்கலாக இருக்கிறது’ என்று மிச்சமிருக்கும் ஸ்டீராய்டைத் தாங்களாகவே எடுத்துப் போடுவது ஆபத்து.

ஆன்டிபயாட்டிக்குக்கு வருவோம். மாக்ஸிஃப்ளாக்ஸசின் போன்றவை தோல் மூடாத நாட்களுக்குக் காவல். தினம் 4 முறை, ஒரு வாரம் அளவில் எழுதுவது வழக்கம். தோல் மூடி, லென்ஸ் எடுத்து, சீட்டில் எழுதிய நாள் முடிந்ததும் அதன் வேலை தீர்ந்தது. பிறகும் போட்டால் கண்ணில் இயல்பாக இருக்கும் கிருமிகளில் மருந்துக்குப் பழகியவை மட்டும் தங்கும். உண்மையான தொற்று வரும் நாளில் மருந்து கேட்காது. புதுத் தோலுக்கும் அது தேவையற்ற எரிச்சல். மருத்துவர் வேறு காரணம் சொல்லாத வரை அந்தப் பாட்டிலை இன்றோடு குப்பையில் போடுங்கள். எந்தச் சொட்டானாலும் திறந்து 4 வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. திறந்த தேதியைப் பேனாவால் லேபிளிலேயே எழுதிவிடுங்கள்.

செயற்கைக் கண்ணீர் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. உங்கள் வலது கண் கலக்கத்துக்குப் பாதிப் பதில் அங்கே இருக்கலாம். கருவிழியின் நரம்புகள்தான் ‘காய்கிறது, கண்ணீரை விடு, இமையைத் தட்டு’ என்று சொல்பவை. லேசர் அந்த நரம்பு நுனிகளை எடுத்துவிட்டது. அவை திரும்ப வளர 6 முதல் 12 மாதம் ஆகும். அதற்குள் கண் காய்வது உங்களுக்கே தெரியாது, பார்வை கலங்குவது மட்டும் தெரியும். கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் 0.5 சதவீதம் அல்லது சோடியம் ஹயலுரோனேட், முதல் மாதம் விழித்திருக்கும்போது 2 மணிக்கு ஒரு முறை, பிறகு தேவைக்கேற்ப 4 - 6 முறை. நாளைக்கு 4 முறைக்கு மேல் போடுவதாக இருந்தால் பென்சல்கோனியம் குளோரைடு கலந்த பாட்டில் வேண்டாம். அந்தப் பாதுகாப்புப் பொருள் மேல்தோலை அரிக்கும். பிரிசர்வேடிவ் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். சின்னச் சின்னத் தனிக் குப்பிகளாக வருவது விலை கூட. திறந்ததை மறுநாளைக்கு வைக்காதீர்கள். இரவு படுக்கும் முன் ஜெல். காலையில் எழும்போது சுருக்கென்று குத்தினால் கண்ணை வெடுக்கென்று திறக்காமல், மூடிய நிலையிலேயே இமையோரத்தில் ஒரு துளி விட்டு, அது உள்ளே ஊறிய பிறகு மெல்லத் திறங்கள். புதுத் தோல் இன்னும் அடியோடு இறுகப் பிடிக்கவில்லை, இமையோடு ஒட்டி உரியக்கூடும். ஃபேன் நேராக முகத்தில் அடிக்கும் இடத்தில் படுக்காதீர்கள்.

கலக்கம் எதனால் என்று நீங்களே ஓரளவு பார்க்கலாம். இடது கண்ணை மூடிக்கொண்டு காலண்டரைப் பாருங்கள். இமையை நான்கைந்து முறை தட்டியதும் எழுத்து தெளிந்து, சில விநாடியில் மீண்டும் கலங்கினால் அது கண் காய்வதால் வரும் கலக்கம். காலையில் நன்றாகவும் மாலையில் மோசமாகவும் இருக்கும். இமை தட்டியும் மாறாமல் இருந்தால், ஒரு அட்டையில் 1 மில்லிமீட்டர் அளவில் ஊசியால் துளையிட்டு அதன் வழியாகப் பாருங்கள். தெளிந்தால் கொஞ்சம் பவரோ மேற்பரப்பில் மேடுபள்ளமோ பாக்கி. மூன்றாவது மாதம் வரை அது மாறிக்கொண்டே இருக்கும். அப்போதும் தெளியாவிட்டால் ஹேஸ் உண்டா என்று ஸ்லிட் லேம்ப்தான் சொல்ல வேண்டும். இந்தச் சோதனை மருத்துவரிடம் சொல்வதற்குத்தான், போகாமல் இருப்பதற்கு இல்லை.

சொட்டு போடும் முறை. கையைச் சோப்பால் கழுவி, நிமிர்ந்து பார்த்து, கீழ் இமையை மெல்ல இழுத்தால் ஒரு சிறு பை மாதிரி வரும். பாட்டில் முனை இமையிலோ முடியிலோ படாமல் அதில் ஒரே ஒரு துளி. கண்ணுக்குள் நிற்பது அதிகம் போனால் 30 மைக்ரோலிட்டர். ஒரு துளியே 40 - 50 இருக்கும். இரண்டாவது துளி கன்னத்தில் வழிவதற்கு மட்டும்தான். கண்ணை மெதுவாக மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். மருந்து தொண்டைக்கு ஓடாது, கசக்காது. இறுக்கி மூடினாலும் படபடவென்று தட்டினாலும் மருந்து வெளியே வந்துவிடும். அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி. நீர் போன்றது முதலில், ஜெல் கடைசியில்.

பனியன் கம்பெனியில் பஞ்சுத் தூசிதான் உங்களுக்கு எதிரி. தையல் செக்‌ஷனுக்குள் போகும்போது பக்கவாட்டிலும் மூடும் கண்ணாடி போடுங்கள். தூசி விழுந்துவிட்டால் துப்பட்டா நுனியால் எடுக்க வேண்டாம், செயற்கைக் கண்ணீரை நாலைந்து துளி விட்டுக் கழுவுங்கள். கண்ணைக் கசக்கவே கூடாது. அரித்தால் கடையில் ‘சிவப்பு போகும்’ சொட்டு வாங்காதீர்கள். சளிக்கும் அலர்ஜிக்கும் போடும் செட்ரிசின், குளோர்ஃபெனிரமின் மாத்திரைகள் கண்ணீரை மேலும் வற்றச் செய்யும், அதையும் நினைவில் வையுங்கள். திரையைப் பார்க்கும்போது நிமிடத்துக்கு 15 முறை தட்ட வேண்டிய இமை, பாதிக்கும் கீழே போய்விடும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை தூரத்தில் பார்த்து, கண்ணை முழுதாக மூடித் திறங்கள். ஏசி காற்று முகத்துக்கு நேரே வந்தால் இடம் மாறி உட்காருங்கள்.

வண்டியில் போகும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கியே விடுங்கள். பகலில் யு.வி. 400 என்று குறித்த, பக்கவாட்டையும் மறைக்கும் கூலிங் கிளாஸ், குறைந்தது 6 மாதத்துக்கு. இதை ஸ்டைலுக்காகச் சொல்லவில்லை. புற ஊதா ஒளி நான் மேலே சொன்ன ஹேஸைத் தூண்டும். நம் ஊர் வெயிலில் இது சொட்டு மருந்துக்குச் சமமான மருந்து. இரவில் எதிர் வண்டி விளக்கைச் சுற்றி வட்டம், கதிர் தெரிவது சில மாதம் இருக்கும். அதுவரை இரவில் வண்டி ஓட்டுவதைக் குறையுங்கள்.

தலைக்குக் குளிக்கலாம், கண்ணை மூடிக்கொண்டு. எண்ணெய்க் குளியலை இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போடச் சொல்லி அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் வழிந்தால் கை தானாகக் கண்ணைக் கசக்கும், சீயக்காய்த் தூள் உள்ளே போனால் சொல்லவே வேண்டாம். நந்தியாவட்டைப் பூவைச் சாமிக்கு வைக்கட்டும். பூச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர், தேன் எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது. கிருமி நீக்கம் செய்யாத எந்தத் திரவமும் புதுத் தோலுக்குள் தொற்றைக் கொண்டுவரும். கிணறு, ஆறு, நீச்சல் குளம் இப்போதைக்கு வேண்டாம். கண்மை வைப்பதானால் மாதச் சோதனையில் சரி என்ற பிறகு, புதுசாக வாங்கி.

இதைப் படித்துவிட்டு பி.ஆர்.கே. செய்யப் போகிறவர்களுக்கு முதல் வாரம் பற்றி ஒரு வார்த்தை. வலி முதல் 2 நாள் கடுமையாக இருக்கும். மாத்திரையை வலி ஏறும் முன்பே, எழுதிய நேரத்துக்குப் போடுங்கள். கீட்டோரோலாக் போன்ற வலி நிவாரணச் சொட்டை எழுதிய 2 - 3 நாளுக்கு மேல் நீட்டினால் தோல் வளர்வது தடைபடும், கருவிழி கரையவும் கூடும். அறுவைக்கு முன் மரத்துப்போக விடும் புரோபரக்கைன் சொட்டு போட்டவுடன் வலி பறந்துவிடும். அதைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் போட்டுக் கருவிழியையே இழந்தவர்கள் உண்டு. பேண்டேஜ் லென்ஸ் விழுந்துவிட்டால் கழுவி மறுபடி மாட்டாதீர்கள், மருத்துவமனைக்குப் போய்ப் புதிது வைத்துக்கொள்ளுங்கள்.

வலி குறைந்து வந்த கண்ணில் மறுபடி வலி கூடினால், சிவந்தால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், சீழ் வந்தால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், பார்வை திடீரென்று இறங்கினால், அன்றே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானாலும் அவசரப் பிரிவுக்கு. எந்தச் சொட்டையும் போட்டுப் பார்த்துக் காத்திருக்காதீர்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது எல்லாப் பாட்டில்களையும், அந்தப் பாதி மிச்சத்தோடு, அப்படியே எடுத்துப் போங்கள். திரும்பும்போது உங்கள் கோப்பின் நகல் வாங்கி வாருங்கள்: அறுவைக்கு முன் இருந்த பவர், கருவிழி வளைவு எண்கள், தடிமன், டோபோகிராஃபி படம் (கருவிழி மேற்பரப்பின் வரைபடம்), கண் அழுத்தம், எத்தனை மைக்ரான் எடுத்தார்கள் என்பது. ஒவ்வொரு தாளையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்த ஊரில் கண் அழுத்தம் பார்த்தாலும் அளப்பவரிடம் முதலில் ‘லேசர் செய்த கண்’ என்று சொல்ல வேண்டும். முப்பது வருடம் கழித்துக் கண்புரை வந்து லென்ஸ் வைக்கும்போது, எந்தப் பவர் லென்ஸ் என்று கணக்குப் போட அன்றைய மருத்துவர் கேட்கப் போவதும் இந்த எண்களைத்தான்.